சொன்னதைத் திருப்பிச் சொல்லோணும்

யேசு மரி சூசை துணை

குருநகர்
13.8.1989

அன்புள்ள தங்கச்சி சிசிலியாவுக்கு,

மாதாவின்ரை காவலிலை நீயும் அடைக்கலநாதன் தம்பியும் பிள்ளையளும் நல்லாய் இருப்பியள் எண்டு நம்புறன். நான் இருக்கிறன். சமைக்கிறன், கருவாடு காயப்போடுற வாடிக்கு வேலைக்குப் போறன், வாறன். சுகமோ எண்டு கேட்டா அதுக்குமேலை சொல்லத் தெரியேல்லை.

என்ரை எழுத்தைப் பாத்துச் சிரியாதை. நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவள். முந்தி உனக்குக் காயிதம் எழுதினது என்ரை மனிசன், கொத்தான்தானே. நான் பக்கத்திலை நிண்டு சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். அவர் கடலோடை போய் ஏழு மாசம். இனிப் பேனையையும் நான்தான் பிடிக்கோணும்.

வாடியிலை ஒரு புதினம். எங்கடை மாதர் சங்கத்துத் தலைவி பிலோமினா அக்கா மகனோடை இந்தியாவுக்குப் போட்டா. கருவாட்டு வாடியை இனி ஆர் பாக்கிறதெண்டு கதை வந்தது. எல்லாரும் என்னைத்தான் பாத்தவை. மழை இருட்டினா, காயப்போட்ட கருவாட்டை அள்ளத் தகரத்தைத் தட்டிப் பெண்டுகளைக் கூப்பிடுறது எத்தினை வரியமாய் என்ரை கையாலைதான். வேலை தொடங்கேக்கை செபமாலையைத் தொடக்கிறதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியப் பங்குச் சுவாமி பேரைச் சொன்னார். அற்புதராணியாம்.

வின்சன்ரின்ரை மனிசி அற்புதராணி. என்னிலும் ஆறு வயசு குறைஞ்சவள். என்ரை மனிசனும் வின்சன்ரும் ஒரு வள்ளத்திலை போனவை எண்டதும், ஒராள்தான் திரும்பி வந்தவர் எண்டதும் உனக்குத் தெரியும். இப்ப வாடியும் அந்த வீட்டுக்குத்தான் போச்சு. வேறை என்னத்தை எழுத.

பிள்ளையளுக்கு என்ரை முத்தம்.

உன்ரை அக்கா,
லூர்த்தம்மா

*

பேசாலை
3.9.1989

என்ரை அன்பான அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையாலை எல்லாரும் சுகம். சின்னவனுக்குச் சிரங்கு. வேப்பிலை அவிச்சு வாக்கிறன். உங்களுக்குக் கால் வீக்கம் வத்திட்டுதோ?

காயிதத்தைக் கண்டதும் இவர் சொல்லுறார், "உன்ரை கொக்கா தலைவியாய் வராதது அந்தப் பெண்டுகள் செய்த புண்ணியம்" எண்டு. கோவிக்காதேங்கோ. நீங்கள் தகரம் தட்டினாப் பக்கத்துப் பங்குக்காரரும் எழும்பி ஓடி வருவினமெல்லே.

ஆனா அக்கா, ஒண்டு கேக்கிறன். அற்புதராணியும் நீங்களும் ஒரு கோப்பையிலை திண்டு வளர்ந்த ஆக்கள். அவளின்ரை கலியாணத்துக்குத் தலை பின்னினது நீங்கள். செத்தவீட்டுக்கு நான் வந்து நிண்ட வரைக்கும் அவள் ஒவ்வொரு நாளும் வாசலடிக்கு வந்தவள். நீங்கள் உள்ளுக்கு வா எண்டு சொல்லேல்லை. அவள் நிண்டுபோட்டுப் போனவள். வின்சன்ற் அண்ணை உயிரோடை வந்தது அவளின்ரை பிழையே? அப்பவே கேக்க நினைச்சனான். உங்கடை முகத்தைப் பாத்துப்போட்டுக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கடை சிசிலி

*

யேசு மரி சூசை துணை

குருநகர்
24.9.1989

அன்புள்ள சிசிலிக்கு,

உன்ரை காயிதம் கிடைச்சது. சின்னவன்ரை சிரங்குக்கு வேப்பிலையோடை மஞ்சளும் சேர். கால் வீக்கம் வத்திட்டுது.

இஞ்சை பெரிய கூத்து. சுவாமி எங்களுக்கு வகுப்பு வைப்பிச்சவர். ரவுணிலையிருந்து ஒரு சிஸ்டர் வந்தவ. தலைமைத்துவமாம். அந்தச் சொல்லைச் சொல்ல என்ரை நாக்குப் பட்ட பாடு! கருவாடு காயப்போடுறதுக்கு ஏன் வகுப்பு எண்டு கேட்டன். "கருவாட்டுக்கு இல்லையம்மா, காயப்போடுற ஆக்களுக்கு" எண்டா. மனிசி சிரிச்ச முகம். கோவிக்க ஏலேல்லை.

பிறகு ஒரு விளையாட்டு. பள்ளிக்கூட மண்டபத்திலை பிள்ளையள் இருக்கிற வாங்குகளைத் தாறுமாறாய்ப் போட்டிட்டு, ரண்டு ரண்டு பேராய்ப் பிரிச்சவ. ஒராளின்ரை கண்ணைச் சீலைத் துண்டாலை கட்டோணும். மற்றவள் வாயாலை சொல்லச் சொல்ல நடக்கோணும். கையாலை தொடப்படாது. எனக்கு ஆரைச் சோடி சேத்தவ தெரியுமே? அவளைத்தான்.

முதல் அவளுக்குக் கண் கட்டினது. நான் நேரை, வலப்பக்கம், நில் எண்டு சொல்லிக்கொண்டு வந்தன். ஒரு வாங்கு குறுக்கை கிடந்தது. இடப்பக்கம் எண்டு சொல்ல நேரம் இருந்தது. கொஞ்சம் பிந்திச் சொன்னன். முழங்கால் வாங்கிலை அடிபட்டு அவள் "அம்மோய்" எண்டாள். பிறகு எனக்குக் கண் கட்டினது. அவள் மெல்லமாய் "லூர்த்தக்கா, ஒரு அடி. இன்னும் ஒரு அடி. இனி இடப்பக்கம் திரும்புங்கோ" எண்டு சொல்லிச் சொல்லி, ஒண்டிலும் முட்டாமல் மற்றக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். அதிலைதான் எனக்கு இன்னும் கோவம்.

இதிலையிருந்து என்ன படிச்சனீங்கள் எண்டு சிஸ்டர் கேட்டா. யாகப்பு அண்ணையின்ரை மகள் எழும்பி, "லூர்த்தக்காவோடை நடக்கிறதெண்டாக் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கோணும் எண்டு படிச்சம் சிஸ்டர்" எண்டாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

அதோடை விட்டுதே? அற்புதராணி இப்ப தகரத்தை நிப்பாட்டிப்போட்டாள். தகரச் சத்தம் கேட்டா சந்தியிலை சென்றியிலை காவல் நிக்கிற இந்தியன் ஆமிக்காரர் துவக்கோடை ஓடி வருவினம், பிள்ளையள் பயப்பிடுதுகள் எண்டு சொல்லுறாள். இனிச் சொல்லு வீட்டுக்கு வீடு வாயாலை போகோணுமாம். அவள் எனக்குச் சொல்லுவாள், நான் பின் ஒழுங்கை வீடுகளுக்குச் சொல்லோணும், பின் ஒழுங்கை கோயிலடிக்குச் சொல்லோணும். கேட்ட ஆள் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் சொன்ன ஆள் அங்காலை போகப்படாது. இது சிஸ்டர் படிப்பிச்சது. கிளிப்பிள்ளையள் மாதிரி ஒழுங்கை முழுக்கப் பெண்டுகள் ஒருத்திக்கொருத்தி திருப்பிச் சொல்லுதுகள்.

தகரம் என்ரை அடுப்படியிலை கிடக்கு.

அக்கா
லூர்த்தம்மா

*

பேசாலை
15.10.1989

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கடை சுகம் கேட்டு மறுமொழி எழுதச் சொல்லி இவர் சொன்னவர். அவர் சொன்னதை அப்பிடியே திருப்பிச் சொல்லிப்போட்டன், சரியே?

நாங்களும் அந்த விளையாட்டை வீட்டிலை செய்து பாத்தம். "தேத்தண்ணி போடு" எண்டார். "தேத்தண்ணி போடு எண்டு சொல்லுறியள்" எண்டன். "ஓம்" எண்டார். "சீனி முடிஞ்சுது எண்டு நான் முந்தநாள் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்" எண்டன். ஆள் எழும்பிக் கடைக்குப் போட்டார். சிஸ்டரின்ரை வகுப்பு நல்ல வகுப்பு அக்கா.

வாங்கிலை முட்டவிட்டது கூடாது. அதை நீங்கள் எனக்கு எழுதினபடியால் உங்களுக்கும் அது தெரியுது.

நான் போன காயிதத்திலை ஒண்டு கேட்டனான். சிரங்குக்கு மஞ்சள் சொன்னனீங்கள். நான் கேட்டதுக்கு மறுமொழி இல்லை.

உங்கடை சிசிலி

*

யேசு மரி சூசை துணை

குருநகர்
5.11.1989

அன்புள்ள சிசிலிக்கு,

சுகம். நீங்களும் அப்பிடியே இருக்க மன்றாடுறன். செத்த ஆக்களின்ரை திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனனான். எல்லாரும் தங்கடை ஆக்களின்ரை குழிக்கு மெழுகுதிரி கொழுத்திச்சினம். எனக்கு எந்தக் குழியிலை கொழுத்துறதெண்டு தெரியேல்லை. கரைக்குப் போய்க் கொழுத்தினன். காத்து நூத்துப்போட்டுது.

வாடியிலை இப்ப அவள்தான் செபமாலை தொடக்கிறது. முன்பாதியை அவள் சொல்லுவாள், பின்பாதியை எல்லாரும் சேந்து சொல்லுவினம். நான் சொல்லுறேல்லை. உப்பை அள்ளிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பன். எனக்குப் பக்கத்திலைதான் இருக்கிறவள். அவளுக்குக் கேக்கும், என்ரை பக்கத்திலை சத்தம் இல்லையெண்டு. ஒரு நாளும் கேட்டதில்லை.

நாத்தம் பிடிச்ச குடல் வாளியை அவளே தூக்கிக்கொண்டு போறாள். பிலோமினா அக்கா ஒருநாளும் தொட்டதில்லை. ஆரும் பிழை விட்டாத் தனிய ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கிறாள். முந்தி நான் எல்லாருக்கும் முன்னாலைதான் பேசுவன். அவள் வந்தாப்பிறகு வாடியிலை சிரிப்புச் சத்தம் கூடிப்போச்சு. எனக்கு அது பிடிக்கேல்லை.

உனக்கு மட்டும் சொல்லுறன். என்ரை சமையலறை யன்னலுக்கு நேரை அவையின்ரை தண்ணிப் பைப். விடிய வின்சன்ற் கடலாலை வந்து கால் கழுவுவார். இருமுவார். அவள் உள்ளுக்கிருந்து, "இஞ்சேருங்கோ, மண் காலோடை ஏறாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது" எண்டு பேசுவாள். ஒவ்வொரு நாளும் பேசுவாள். அந்தப் பேச்சுக் கேக்கேக்கை என்ரை வயிறு பத்தி எரியும் சிசிலி. பேசுறதுக்கு ஒராள் இருக்கெல்லே அவளுக்கு.

அக்கா
லூர்த்தம்மா

*

குருநகர்
28.11.1989

அன்புள்ள சிசிலிக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். இஞ்சை மழை. கருவாடு கொஞ்சம் நனைஞ்சு போச்சு. வேறை விசேசம் ஒண்டும் இல்லை.

லூர்த்தம்மா

*

பேசாலை
29.12.1989

அன்பான அக்காவுக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்து. பிள்ளையள் மாமிக்கு எண்டு கீறின படமும் இதுக்குள்ளை இருக்கு. பெரியம்மா எண்டு சொல்லுங்கோடா எண்டாலும் மாமி எண்டுதான் வருது, இஞ்சை பழகின பழக்கம்.

ஒரு மாசமாய் உங்கடை காயிதம் இல்லை. அதுக்கிடையிலை யாகப்பு அண்ணை கருவாடு எடுக்க வந்து எங்கடை வீட்டிலை சாப்பிட்டவர். குருநகர்க் கருவாட்டுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டன். அவர் சொன்னதை அப்பிடியே எழுதுறன், நீங்கள் சரியோ பிழையோ சொல்லுங்கோ.

மழை வரப்போகுதெண்டு அற்புதராணி ஓடி ஓடிச் சொன்னவளாம். பின் ஒழுங்கைப் பெண்டுகளுக்கும் கோயிலடிப் பெண்டுகளுக்கும் சொல்லுப் போகேல்லையாம். கருவாட்டுப் பாய்களைச் சுருட்ட ஆள் காணாதாம். பாதிக்கு மேலை நனைஞ்சு புழுத்துப்போச்சாம். சங்கக் கூட்டத்திலை எல்லாரும் சத்தம் போட, அற்புதராணி எழும்பி, "நான்தான் பின் ஒழுங்கைக்குச் சொல்லிவிட மறந்தனான். பிழை என்ரை" எண்டு சொன்னவளாம். தலைவியை மாத்தோணும் எண்டு கொஞ்சப் பேர் நிண்டவையாம். சுவாமி, பொறுத்துப் பாப்பம் எண்டு அவளுக்குத் தவணை குடுத்திருக்கிறாராம்.

அக்கா, பின் ஒழுங்கைக்குச் சொல்லுறது ஆர் எண்டு எனக்கு நீங்கள்தான் எழுதினனீங்கள். அந்தக் காயிதம் எனக்கு முன்னாலை கிடக்கு. பாதிக்கு மேலை நனைஞ்சதைக் "கொஞ்சம்" எண்டும் நீங்கள்தான் எழுதினனீங்கள்.

நான் யாகப்பு அண்ணைக்கு ஒண்டும் சொல்லேல்லை.

சிசிலி

*

யேசு மரி சூசை துணை

குருநகர்
21.1.1990

சிசிலிக்கு,

அவர் போய் ஒரு வரியம். நேத்துப் பூசை குடுத்தன். நீ வராதது நல்லம், றோட்டுச் சரியில்லை. பிள்ளையளின்ரை படம் சுவரிலை ஒட்டியிருக்கு.

ஓம். நான் சொல்லேல்லை. போதுமே? அவள் மூச்சு வாங்க வாங்க வந்தவள். "லூர்த்தக்கா, மழை வருது. பின் ஒழுங்கைக்குச் சொல்லுங்கோ, எல்லாரையும் உடனை வரச் சொல்லுங்கோ" எண்டாள். நான் ஒரு சொல்லும் விடாமல் திருப்பிச் சொன்னன். அவள் நம்பிப் போனாள். நான் வந்து குசினிக்குள்ளை அடுப்படியிலை குந்தியிருந்தன். மழை விழுற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தன்.

ஏன் எண்டு கேப்பாய். நீ முதல் காயிதத்திலையே கேட்டதுக்கு இப்ப மறுமொழி.

போன வரியம் அண்டைக்கு விடிய, என்ரை மனிசன் வாற நேரம் எண்டு நான் உலையை வைச்சனான். அற்புதராணி வந்தாள். "என்னடி விடியக்காலமை" எண்டன். "சும்மா" எண்டாள். குந்தியிருந்து என்ரை வெங்காயத்தை உரிச்சுத் தந்தாள். நான் அவளோடை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு மீன்குழம்பு வைச்சன். அவருக்கு உறைப்புக் காணாது, வந்தாப்பிறகு நீயே அவரைக் கேள், இன்னும் போடு எண்டுதான் சொல்லுவார் எண்டு சொல்லி இன்னும் தூள் போட்டன். அவள் ஓம் ஓம் எண்டாள். எழும்பிப் போயிட்டாள்.

வள்ளம் பிரண்டதும், வின்சன்ற் வெறும் எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு மிதந்ததும், என்ரை மனிசனைக் காணேல்லை எண்டதும் அவளுக்கு அப்பவே தெரியும் சிசிலி. ஒழுங்கை முழுக்கத் தெரியும். நான் மத்தியானம் சோத்தை மூடி வைச்சிட்டு, வாசலிலை நிண்டு, போற வாறவையிட்டை வள்ளம் வந்திட்டுதோ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டன். எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு போச்சினம். பொழுதுபடத்தான் சுவாமி வந்து சொன்னவர். எல்லாருக்கும் தெரிஞ்சது, அவரின்ரை பெண்டிலுக்கு மட்டும் தெரியாது. அண்டு முழுக்க நான் ஒரு விசரியாய் நிண்டன்.

அவள் எனக்கு வரவேண்டிய சொல்லை ஒரு பகல் முழுக்கத் தன்ரை வாய்க்குள்ளை வைச்சிருந்தவள். அவளின்ரை சொல்லை நான் ஒரு மழைக்கு வைச்சிருந்தன்.

அதுக்கு அவள் என்னைக் காட்டிக்குடுத்திருந்தா எனக்கு ஆறியிருக்கும். பிழை என்ரை எண்டு எழும்பி நிண்டு, அதிலும் என்னிலும் மேலை போயிட்டாள்.

லூர்த்தம்மா

*

பேசாலை
11.2.1990

என்ரை அக்கா,

வாசிச்சுப்போட்டு அழுதன். இவர் கேட்டார், நான் காட்டேல்லை. இதை ஒரு வரியமாய் உங்கடை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு, எனக்குக் கால் வீக்கம் வத்திட்டுது எண்டு எழுதினீங்களோ?

நான் அவளுக்காகக் கதைக்கேல்லை. அவள் செய்தது கொடுமை. ஆனா இதை எனக்கு எழுதி என்ன? நான் இஞ்சை பேசாலையிலை. அவள் உங்கடை யன்னலுக்கு நேரை. அவளை ஒருக்காக் கேளுங்கோ, ஏன் சொல்லேல்லை எண்டு.

இன்னொண்டு. கோவிக்காதேங்கோ. நீங்கள் அவளாய் இருந்து, அவள் உறைப்புப் போட்டுக்கொண்டு சிரிச்சுக் கதைச்சிருந்தா, நீங்கள் என்ன செய்திருப்பியள்?

இரவிலை தலைக்கு எண்ணெய் வையுங்கோ. நித்திரை வரும்.

உங்கடை சிசிலி

*

யேசு மரி சூசை துணை

குருநகர்
1.4.1990

அன்புள்ள தங்கச்சிக்கு,

மறுமொழி பிந்தினதுக்குக் குறை நினையாதை. எண்ணெய் வைச்சன், நித்திரை வருது. இந்தியன் ஆமி திரும்பிப் போயிட்டுது. சந்தியிலை சென்றி வெறுமையாய்க் கிடக்கு, ஆடுகள் படுக்குதுகள். இனித் தகரம் தட்டலாமே எண்டு பெண்டுகள் கேக்குதுகள். எனக்கு எடுக்க மனமில்லை.

உன்ரை காயிதம் வந்தாப்பிறகும் நான் அவளைக் கேக்கேல்லை. உப்புத் தொட்டியடியிலை ரண்டு தரம் வாயெடுத்தன், வரேல்லை. பிறகு போன மாசக் கடைசியிலை ஒரு நாள் விடியக் கரைக்கு மீன் எடுக்கப் போனன். எல்லா வள்ளமும் வந்திட்டுது. வின்சன்ரின்ரை வள்ளம் மட்டும் இல்லை. கனிசியஸ் அண்ணையும் மற்ற வள்ளக்காரரும் தேடப்போக எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்திக்கொண்டு நிண்டவை. நான் கேக்க முதலே கனிசியஸ் அண்ணை, "இஞ்சேர் லூர்த்து, இப்ப போய் அற்புதராணிக்குச் சொல்லிப்போடாதை. தேடிப்போட்டு வாறம். வந்தாப்பிறகு சொல்லுவம்" எண்டார்.

"அண்டைக்கும் இதைத்தானே அண்ணை அவளுக்குச் சொன்னனீங்கள்?" எண்டு கேட்டன். அவர் மண்ணைப் பாத்தார்.

வாற வழி முழுக்க என்ன நினைச்சனெண்டு ஒளிக்காமல் எழுதுறன். இனி அவளுக்கும் விளங்கும் எண்டு ஒரு நினைப்பு வந்தது. வந்து, என்னோடையே நடந்தது. ஆனா கால் நிக்கேல்லை. அவளின்ரை வாசலாலை நேரை உள்ளுக்குப் போனன். ஒரு வரியத்துக்குப் பிறகு. அவள் உலை வைச்சு அரிசி களைஞ்சுகொண்டு நிண்டாள். என்னைக் கண்டதும் கை நிண்டிட்டுது.

"அற்புதம், மற்ற வள்ளமெல்லாம் வந்திட்டுது. வின்சன்ரின்ரை இன்னும் வரேல்லை. கனிசியஸ் அண்ணையாக்கள் தேடப் போயினம். வேறை ஒண்டும் ஆருக்கும் தெரியாது" எண்டன். "திருப்பிச் சொல்லு" எண்டன்.

அவள் சொன்னாள். மற்ற வள்ளமெல்லாம் வந்திட்டுது. அவரின்ரை இன்னும் வரேல்லை. தேடப் போயினம். அதோடை குரல் நிண்டிட்டுது. மிச்சத்தை நானும் சேந்து சொன்னன். வேறை ஒண்டும் ஆருக்கும் தெரியாது.

உலையை நான் இறக்கி வைச்சன். நிலத்திலை குந்தியிருந்தம். அதிலை வைச்சுக் கேட்டன், "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"தேடிப்போட்டு வாறம், சொல்லாதை எண்டவை. எண்டாலும் சொல்லத்தான் வந்தனான் லூர்த்தக்கா. நீங்கள் அண்ணைக்கு உறைப்புக் காணாது எண்டு சிரிச்சியள். வாய் திறக்கேல்லை."

"திறக்கேல்லையெண்டாப் போயிருக்கலாமே. ஏன் இருந்து என்ரை வெங்காயத்தை உரிச்சனி?"

"கண்ணீர் வந்தது அக்கா. வெங்காயம் எண்டா நீங்கள் கேக்க மாட்டியள்."

பிறகு, மழையைப் பற்றிக் கூட்டத்திலை ஏன் பொய் சொன்னனி எண்டு கேட்டன். "உங்கடை பேரைச் சொன்னா, நாளைக்கு ஆர் எனக்குப் பக்கத்திலை இருந்து உப்புப் போடுறது?" எண்டாள். "ஆனா அண்டைக்கு உங்களிலை சரியான கோவம். இப்பவும் இருக்கு" எண்டாள். அது கேக்க எனக்கு ஆறுதலாய் இருந்தது.

அவள் செபமாலையை எடுத்தாள். முன்பாதியைச் சொல்லிப்போட்டு நிண்டாள். வீட்டிலை வேறை ஆருமில்லை. பின்பாதியைச் சொல்ல நான்தான் இருந்தன். சொன்னன்.

வின்சன்ற் வந்திட்டார் சிசிலி. அடுத்த நாள் மத்தியானம். எஞ்சின் பழுதாகிப் புங்குடுதீவுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தவராம். கனிசியஸ் அண்ணையாக்கள் இழுத்துக்கொண்டு வந்தவை. கரை முழுக்கச் சனம். அற்புதராணி தண்ணிக்குள்ளை இறங்கிப் போய், "எங்கையப்பா போனனீங்கள்" எண்டு பேசிப் பேசி அழுதாள்.

சந்தோசமோ எண்டு நீ கேப்பாய். உனக்குப் பொய் எழுத மாட்டன். அந்தப் பேச்சுக் கேக்க எனக்குப் பழையபடி வயிறு எரிஞ்சது. எல்லாரும் வின்சன்ரைப் பாத்துக்கொண்டு நிண்டவை. நான் பாக்கேல்லை. என்ரை கண் அவருக்குப் பின்னாலை, வள்ளத்துக்குள்ளை, இன்னுமொராள் குனிஞ்சு நிண்டு கயிறு சுத்துறாரோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டது.

அற்புதராணி அதைக் கண்டிட்டாள். மனிசனை அப்பிடியே விட்டிட்டு, நனைஞ்ச சீலையோடை வந்து எனக்குப் பக்கத்திலை நிண்டாள். வலையும் கானும் இறக்கி வள்ளம் வெறுமையாகுமட்டும் ரண்டு பேரும் அதைப் பாத்துக்கொண்டு நிண்டம்.

பிள்ளையளைப் பெரியம்மா எண்டு சொல்லப் பழக்கு.

உன்ரை அக்கா,
லூர்த்தம்மா